சீட்டு எடுத்தவர் அடுத்த மாதமும் கட்டுவாரா? ஜனநாயகம் நிற்பதும் உடைவதும் எப்படி

ஜனநாயகத்தைப் பற்றி நாம் தினமும் பேசுகிறோம். ஆனால் பேச்சு பெரும்பாலும் மூன்று வாக்கியங்களைத் தாண்டுவதில்லை. "ஓட்டுப் போட்டாச்சு, அதுதான் ஜனநாயகம்." "பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான் முடிவு." "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது, கண்டிப்பான ஓர் ஆள் வேணும்." போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரித் தம்பி ஒருவன் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தான். "ஹிட்லரே ஓட்டு வாங்கித்தானே அண்ணா வந்தான்? அப்போ ஜனநாயகத்தை எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

## குலுக்கல் சீட்டில் ஆரம்பிப்போம்

ஒரு தெருவில் 20 பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் சீட்டுப் போடுகிறார்கள். மாதம் ஒரு லட்சம் சேரும். பெயர்களை எழுதிக் குலுக்குகிறார்கள். முதல் மாதமே செல்வி அக்காவுக்கு விழுகிறது. அவர் ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இனி இந்தச் சீட்டிலிருந்து அவருக்கு வரவேண்டியது ஒன்றும் இல்லை. கட்ட வேண்டியது மட்டும் 19 மாதம் பாக்கி.

மற்ற 19 பேர் ஏன் சண்டை போடாமல் கலைந்து போகிறார்கள்? குலுக்கல் நேர்மையாக நடந்தது என்று நம்புகிறார்கள். தன் முறை வரும் என்று நம்புகிறார்கள். செல்வி அக்கா தொடர்ந்து கட்டுவார் என்றும் நம்புகிறார்கள். இதில் ஒன்று போனாலும் சீட்டு உடைந்துவிடும். செல்வி அக்கா உண்மையில் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. "அவங்க வீட்டைக் காலி பண்ணப் போறாங்களாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அடுத்த மாதம் நாலு பேர் பணம் கொடுக்கமாட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் ஆறு பேர் நிறுத்துவார்கள். கட்ட நினைத்தவரும் "நான் மட்டும் ஏன் ஏமாளி ஆகணும்" என்று நின்றுவிடுவார்.

ஆட்சி அதிகாரம் என்பது அந்த ஒரு லட்சம் மாதிரி. போலீஸ், வரிப்பணம், சட்டம் போடும் பேனா, எல்லாம் ஒருவர் கையில் மொத்தமாகப் போய்ச் சேர்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர் அடுத்த குலுக்கலையே நடத்தாமல் இருக்கலாம். நடத்தினாலும் தன் பெயரை மட்டுமே பானையில் போடலாம். அப்படிச் செய்யாமல், காலம் முடிந்ததும் மறுபடி மக்களிடம் போய் நின்று, தோற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குகிறாரே, அந்த வழக்கத்துக்குத்தான் ஜனநாயகம் என்று பெயர்.

ஓட்டு மட்டும் போதாது என்பதும் இதிலிருந்தே புரியும். சோவியத் யூனியனில் தேர்தல் நடந்தது. வட கொரியாவில் இன்றும் நடக்கிறது. அங்கெல்லாம் ஆட்சியில் இருப்பவர் தோற்க வழியே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆளுங்கட்சி தோற்க முடிய வேண்டும், தோற்றால் இறங்க வேண்டும், இறங்கியவர் மறுபடி வர வழி திறந்திருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். திரும்ப வரலாம் என்ற நம்பிக்கை இருப்பவர்தான் அமைதியாக இறங்குவார்.

## இறங்கியவர் திரும்பி வந்தார்: இந்தியா, 1975 முதல் 1980 வரை

1971இல் ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தி ஜெயித்தார். தோற்ற ராஜ் நாராயண், தேர்தலில் முறைகேடு என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1975 ஜூன் 12 அன்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா பிரதமரின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். 13 நாளில், ஜூன் 25 இரவு, நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நெருக்கடி நிலை என்றால், ஆபத்துக் காலம் என்று சொல்லி வழக்கமான உரிமைகளை அரசு நிறுத்தி வைப்பது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகள் தணிக்கைக்கு ஆளாயின. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது.

தடுக்க வேண்டிய நீதிமன்றமும் சறுக்கியது. விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அடுத்து தலைமை நீதிபதியாக வேண்டியவர் அவர்தான். அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

சீட்டு அன்று உடைந்திருக்க வேண்டியது. ஆனால் 1977 ஜனவரியில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இந்திரா காந்தி ஏன் அறிவித்தார் என்பதில் இன்றும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நடந்தது மட்டும் தெளிவு. மார்ச்சில் வாக்கு எண்ணியபோது, அதே ரேபரேலியில் அதே ராஜ் நாராயணிடம் பிரதமர் சுமார் 55,000 வாக்கில் தோற்றார். எதிர்க்கட்சிகள் சேர்ந்து அமைத்த ஜனதா கட்சி 295 இடம் பிடித்தது. (தமிழ்நாடு அந்தத் தேர்தலில் வேறு பக்கம் நின்றது. இங்கே காங்கிரஸ், அ.தி.மு.க. அணிதான் ஜெயித்தது.) இந்திரா காந்தி ராஜினாமா செய்தார். ராணுவம் வரவில்லை. எண்ணிக்கையை யாரும் நிறுத்தவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1980 ஜனவரித் தேர்தலில் ஜெயித்து அவரே மறுபடி பிரதமரானார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வரிதான். தோற்றவர் அழிந்துபோகவில்லை. ஜெயித்தவர்கள் அவரை நிரந்தரமாக வெளியே வைக்கவில்லை. இடையில் ஓட்டையையும் கொஞ்சம் அடைத்தார்கள். 1978இல் வந்த 44ஆவது திருத்தம், 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற நெகிழ்வான காரணத்தை எடுத்துவிட்டு, 'ஆயுதக் கிளர்ச்சி' இருந்தால்தான் அந்த வகை நெருக்கடி நிலையைக் கொண்டுவரலாம் என்று ஆக்கியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது.

## பெர்லினில் ஓர் ஓபரா அரங்கம்

இனி அந்தத் தம்பியின் கேள்வி. ஹிட்லர் மக்கள் ஓட்டில் வந்தாரா?

பாதி உண்மை. ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 1928இல் கிடைத்தது 2.6 சதவீதம். பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அந்த ஆண்டு ஜூலையில் நாஜிகள் 37.3 சதவீதம் எடுத்தார்கள். சுதந்திரமான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம் அதுதான். நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள். பாதியைக்கூட அவர்கள் ஒருபோதும் தாண்டவில்லை.

இறங்குமுகத்தில் இருந்த அந்தக் கட்சியின் தலைவரை, 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் சான்சலராக நியமித்தார். சான்சலர் நம் பிரதமர் மாதிரியான பதவி. பாப்பன் போன்ற பழமைவாதத் தலைவர்கள்தான் ஜனாதிபதியைச் சம்மதிக்க வைத்தார்கள். ஹிட்லருடைய ஓட்டு நமக்கு வேண்டும், அமைச்சரவையில் நம் ஆட்கள் அதிகம், அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. கதவைத் திறந்தது மேலே இருந்த ஒரு சிலர்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாவற்றையும் நிறுத்தும் அவசர ஆணை வந்தது. மிரட்டலுக்கு நடுவே மார்ச் 5 அன்று நடந்த தேர்தலிலும் நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான்.

மார்ச் 23. எரிந்த கட்டடத்துக்குப் பதிலாகக் க்ரோல் ஓபரா அரங்கில் நாடாளுமன்றம் கூடுகிறது. நடைபாதையிலும் உள்ளேயும் நாஜிக் கட்சியின் சீருடைப் படையினர் வரிசையாக நிற்கிறார்கள். உறுப்பினர்கள் அவர்களைக் கடந்துதான் தங்கள் இருக்கைக்குப் போக வேண்டும். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சரவையே சட்டம் போடலாம் என்கிற மசோதா முன்னால் இருக்கிறது. நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கம்யூனிஸ்டுகள் 81 பேரும் உள்ளே இல்லை. சிறையில் இருந்தார்கள் அல்லது தலைமறைவாகியிருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவர் கட்சியில் அன்று வர முடிந்த 94 பேரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். கத்தோலிக்க மையக் கட்சி உட்பட மற்ற எல்லோரும் ஆதரித்தார்கள். 444க்கு 94. ஜூலை 14 அன்று நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பானையில் இனி ஒரே பெயர்.

ஆனால் ஜெர்மனியின் சீட்டு 1933க்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. 1930 முதலே ஆட்சி நாடாளுமன்றப் பெரும்பான்மையால் ஓடவில்லை. அரசியலமைப்பின் 48ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு ஜனாதிபதியின் அவசர ஆணைகளால் ஓடியது. (அரசியலமைப்பு என்றால் ஆட்சிக்கே விதி போடும் சட்டம். நாட்டின் சீட்டு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1932 ஜூலைத் தேர்தலில் மொத்தம் 608 இடம். நாஜிகளுக்கு 230, கம்யூனிஸ்டுகளுக்கு 89. ஒருவரையொருவர் வெறுத்த இந்த இரண்டு கட்சிக்கும் அந்தக் குடியரசு வேண்டாம் என்பதில் மட்டும் ஒற்றுமை. பாதிக்கு மேற்பட்ட இருக்கைகளில், இந்தச் சீட்டைத் தொடரவே விரும்பாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

போருக்குப் பின் 1949இல் மேற்கு ஜெர்மனி புதிய அரசியலமைப்பை எழுதியபோது இந்தப் பாடம் அதில் இறங்கியது. அடுத்தவர் யார் என்று பெரும்பான்மையோடு முடிவு செய்தால்தான் இருக்கும் சான்சலரை இறக்க முடியும் என்பது அங்கே விதி. கவிழ்ப்பதற்கு மட்டும் ஒன்று சேர்வது அங்கே செல்லாது.

இப்போதெல்லாம் ஜனநாயகம் இப்படிச் சில வாரங்களில் விழுவது குறைவு. மெதுவாக இறுகுவதே அதிகம். ஹங்கேரியில் 2010இல் மூன்றில் இரண்டு பங்கு இடத்தோடு வந்த ஃபிடெஸ் கட்சி, புதிய அரசியலமைப்பை எழுதியது, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்தது, தேர்தல் விதிகளை மாற்றியது. 2014இல் சுமார் 45 சதவீத வாக்கிலேயே மறுபடி மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைத்தது. தேர்தல் நடந்தது, எதிர்க்கட்சியும் இருந்தது. ஆனால் குலுக்குகிறவரும் சீட்டு எடுப்பவரும் ஒரே ஆளாகிக்கொண்டே வந்தார்கள்.

## பன்னிரண்டு வீடும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

சரி, ஆளுங்கட்சி ஒழுங்காகத் தோற்கிறது, ஒழுங்காக இறங்குகிறது. அப்போது எல்லாம் நன்றாக இருக்குமா? இல்லை. இதுதான் நம்மில் பலர் தவறவிடும் இடம்.

12 வீடு உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் 4 வீடு. கோடையில் தண்ணீர் குறைகிறது. கூட்டம் போட்டு, மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்று 8 பேர் கை தூக்குகிறார்கள். 4 பேர் எதிர்க்கிறார்கள். எண்ணிக்கைப்படி சரிதான். அடுத்த ஆண்டு செயலாளர் மாறுகிறார். புதியவரும் அந்த 8 வீட்டில் ஒருவர்தான். மூன்றாம் மாடிக்காரர்கள் எத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டாலும் தண்ணீர் வராது. எப்போதுமே தோற்கும்படி எண்ணிக்கை அமைந்துவிட்ட இவர்களைத்தான் நிரந்தரச் சிறுபான்மை என்கிறார்கள். சீட்டில் தன் பெயர் விழவே விழாது என்று தெரிந்தவர் எதற்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்?

இலங்கையில் நடந்தது இதுதான். அங்கே 1931லேயே ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பிரிட்டனில் பெண்களுக்குச் சமமான வாக்குரிமை வந்தே அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. 1956, 1965, 1970, 1977 என்று ஆட்சி மாறிக்கொண்டே வந்தது. தோற்றவர்கள் இறங்கினார்கள். தோற்றவர் இறங்குகிறாரா என்ற முதல் சோதனையில் இலங்கை நன்றாகவே தேறியது.

ஆனால் சுதந்திரம் கிடைத்த 1948லேயே வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக் கூடாது என்று அன்றைய இலங்கை அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சொன்னது. அது அவர்களைக் காக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள், இயங்குமுறை அங்கேதான் தெரிகிறது. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தரும் ஏற்பாடு அது. உடனே எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி எதிர்த்தது, ஜே.ஆர். ஜெயவர்த்தன கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். பிக்குகளும் எதிர்த்தார்கள். 1958இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு இன்னோர் ஒப்பந்தம் செய்தார். இப்போது எதிர்ப்பது பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சியின் முறையாயிற்று. அதுவும் நிறைவேறவில்லை. இரண்டு பெரிய கட்சிக்கும் ஆட்சிக்கு வரச் சிங்கள வாக்குகள் போதும். ஒருவர் ஓர் அடி விட்டுக்கொடுத்தால் மற்றவர் "காட்டிக்கொடுத்துவிட்டான்" என்று அதே வாக்குகளை அள்ளிக்கொண்டு போகலாம். நல்ல மனம் இருந்த தலைவரும் அந்தப் போட்டிக்குள் நிற்க முடியவில்லை.

1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம், தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னது. எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். அந்தத் திருத்தம் வந்தபோது ஜூலைப் படுகொலைகள் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓட்டால் போன பாதை அத்தோடு மூடியது. பின்னால் வந்த போர் எத்தனை குடும்பங்களை விழுங்கியது என்பதைத் தமிழ் படிக்கும் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சோதனை இரண்டு. தோற்றவர் இறங்குகிறாரா என்பது ஒன்று. ஓட்டெடுப்பில் என்ன முடிவு வந்தாலும் யாரிடமிருந்தும் பறிக்க முடியாதவை என்று சில இருக்கின்றனவா என்பது இன்னொன்று. குடியுரிமை, மொழி, உயிர், வழிபாடு. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் விடலாமா என்பதே கூட்டத்தின் அஜெண்டாவில் வரக் கூடாது.

## "படிக்காத, ஏழை நாட்டுக்கு ஒத்து வராது"

1933 ஜெர்மனி படிக்காத நாடு இல்லை. உலகின் சிறந்த பல்கலைக்கழகங்கள் அங்கே இருந்தன. அதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். 1951-52இல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவுக்குப் படிக்கத் தெரியாதவர்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, ஒவ்வொன்றிலும் சின்னத்தை ஒட்டச் செய்தார். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று மட்டும் பதிந்து, தன் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவை அவர் நீக்கினார். கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெயர் சொல்ல வேண்டும் என்ற பேச்சு வீடுகளுக்குள் போக அது காரணமானது.

வறுமை பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. பணக்கார நாடுகளில் ஜனநாயகம் விழுவது மிக அரிது. அங்கே தோற்ற அமைச்சர் வேறு வேலைக்குப் போய் நிம்மதியாக வாழலாம். ஏழை நாட்டில் காண்ட்ராக்ட், வங்கிக் கடன், போலீஸ் பாதுகாப்பு எல்லாமே ஆட்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பதவி போனால் பிழைப்பே போகும், சிலருக்குச் சிறையும் வரும். இழப்பு பெரிதாகப் பெரிதாக, இறங்க மனம் வராது.

அப்படியிருந்தும் இறங்கிய நாடு கானா. 2008இல் அங்கே அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் சுமார் 90 லட்சம் வாக்குகள் பதிவாயின. ஆளுங்கட்சியின் நானா அகுஃபோ-அடோ சுமார் 40,000 வாக்கில் தோற்றார். அதிகாரம் கையில் இருந்தும் கட்சி இறங்கியது. 2012இல் அவர் மறுபடி தோற்றார், இந்த முறை உச்ச நீதிமன்றம் போனார். விசாரணை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. 2013 ஆகஸ்டில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். 2016இல் ஜெயித்தார். 2024இல் அவர் கட்சி தோற்றபோது, அதிகாரபூர்வ முடிவு வரும் முன்பே வேட்பாளர் பாவுமியா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அகுஃபோ-அடோவின் அந்த உச்ச நீதிமன்ற வழக்கு முழுக்கச் சுற்றிவந்தது ஓர் இளஞ்சிவப்புத் தாளை. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணிக்கையை எழுதி, கட்சி ஏஜென்டுகள் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொள்ளும் தாள் அது.

## தோற்பவரின் ஆள் போடும் கையெழுத்து

நம் ஊரிலும் அப்படி ஒரு தாள் இருக்கிறது.

வாக்குப்பதிவு காலை 7 மணிக்கு என்றால், பூத் ஏஜென்டுகள் ஐந்தரைக்கே பள்ளிக்கூட வகுப்பறைக்குள் வந்துவிட வேண்டும். குறைந்தது 50 ஓட்டு மாதிரியாகப் போட்டுப் பார்ப்பார்கள். யாருக்கு எத்தனை அழுத்தினார்களோ அத்தனைதான் இயந்திரம் காட்டுகிறதா என்று எல்லாக் கட்சிக்காரரும் எட்டிப் பார்ப்பார்கள். அதை அழித்து, காகித முத்திரை வைத்து மூடும்போது அதில் ஏஜென்டுகளின் கையெழுத்து விழும். பிறகு நாள் முழுக்க, ஒருவரையொருவர் தோற்கடிக்க வந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பெயரையும் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே பொட்டலத்து வடையைப் பகிர்ந்துகொள்வதையும் பார்க்கலாம்.

மாலையில் கடைசி வாக்காளர் போனதும், தலைமை அலுவலர் இயந்திரத்தை மூடுவார். மொத்தம் எத்தனை ஓட்டு என்று 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஒரு பிரதி கொடுப்பார். எண்ணும் நாளன்று இயந்திரம் காட்டும் மொத்தமும் கையில் இருக்கும் தாளும் ஒத்துப்போக வேண்டும். செல்வி அக்காவுக்குச் சீட்டு விழுந்தபோது மற்ற 19 பேர் கலைந்து போனது, குலுக்கிய பானையைத் தாங்களே பார்த்ததால்தான். இங்கே அந்தப் பானை இந்தத் தாள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையும் ஒரு குலுக்கல்தான். நிலமுள்ள பிராமணர்களுக்குள் மட்டும் நடந்த அதை இன்றைய ஜனநாயகம் என்று சொல்வது மிகை. ஆனால் சுமார் 1,100 ஆண்டுக்கு முன் வெட்டிய அந்தக் கல்லில் ஒரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது.

அடுத்த தேர்தலில் உங்கள் தெருப் பள்ளியில் யாராவது 17சி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், கொஞ்சம் நின்று கேட்டுப் பாருங்கள். பூத்தில் மொத்தம் 812 என்றோ 947 என்றோ சட்டென்று சொல்லுவார். பின்னால் எண்ணும்போது அவருடைய கட்சி அந்தப் பூத்தில் தோற்றாலும் அந்த எண் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.